ரெண்டு பக்கம் சார் ஒரு பக்கம் பேசிய வாரம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ரெண்டு பக்கம் சார். சமூக அறிவியல் வாத்தியார். விவாதப் போட்டி அணிக்குப் பயிற்சி கொடுப்பவரும் அவர்தான். எதைக் கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே, "இதுல ரெண்டு பக்கம் இருக்கு" என்றுதான் ஆரம்பிப்பார். ஒரு மழை நாளில் ஆசிரியர் அறை ஜன்னலைச் சாத்தலாமா என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். சாத்துவதால் வரும் நன்மைகளை அவர் சொல்லி முடிப்பதற்குள் சாரல் உள்ளே வந்து விடைத்தாள் கட்டு நனைந்துவிட்டது. சாத்தாமல் விடுவதன் நன்மைகளை நாங்கள் விடைத்தாள்களைத் துடைத்தபடியே கேட்டோம்.

நான் அவருக்கு அடுத்த மேஜை. இயற்பியல் டீச்சர். இங்கே சொல்லப்போவதில் பாதி நான் கண்ணால் பார்த்தது, மீதி அவரும் அவர் மனைவியும் பிற்பாடு சொன்னது. எழுதட்டுமா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். "எழுதுங்க. ஆனா நான் கத்தினதைக் கொஞ்சம் குறைச்சு எழுதுங்க" என்றார். குறைத்திருக்கிறேன்.

அந்த அம்மாவைத் தெருவில் பல்லம்மா என்பார்கள். பல்செட் செய்கிறவர். இரண்டு பல் டாக்டர்கள் வாயின் அச்சை எடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் மாவு ஊற்றித் தாடை செய்து, மெழுகில் ஈறு வடித்து, பல் பதித்து, மோட்டாரில் மெருகு போட்டுக் கொடுப்பார். வீட்டு முன்னறையில் ஜன்னலோரமாக அவருடைய மேஜை. அந்த வீட்டுக்கு யார் போனாலும் வரிசையாக அடுக்கிய பத்துப் பன்னிரண்டு வெள்ளைத் தாடைகள் இளித்துக்கொண்டு வரவேற்கும். வேலையில் கறார். "மயிரிழை தப்பினாலும் போட்டுக்கறவங்க நாக்கைக் கடிச்சுக்குவாங்க. எனக்கு 'ஏறக்குறைய'ங்கற வார்த்தையே கிடையாது" என்பார்.

இவர்களுக்குக் கல்யாணம் நடந்ததே ஒரு கதை. சார் தன் மாமாவின் பல்செட்டை வாங்க இவரிடம் ஒருமுறை போனார். அப்புறம் அது உரசுகிறது, ஆடுகிறது, சத்தம் போடுகிறது என்று இரண்டு வருஷத்தில் பதினேழு தடவை போனார். பதினேழாம் தடவை அந்தப் பெண் பல்செட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "உங்க மாமாவுக்குப் பல்லுல கோளாறு இல்ல சார். உங்களுக்குத்தான் வாயில கோளாறு. கல்யாணம் பண்ணிக்கலாமா, வேண்டாமா?"

"அதுல வந்து... ரெண்டு..."

"சரின்னு எடுத்துக்கறேன்" என்றாள்.

அதிலிருந்து பத்தொன்பது வருஷமாக வீட்டில் எல்லா முடிவும் பல்லம்மா எடுப்பதுதான். சார் "உன் இஷ்டம்" என்பதோடு சரி. ஆனால் அந்த "உன் இஷ்டம்" சும்மா வராது, பின்னாலேயே வால் ஒன்றும் வரும். கூடத்துக்கு ஃபேன் வாங்கும்போது "உன் இஷ்டம்" என்றார். அது ஓடும்போது நாய்க்குட்டியை மிதித்தாற்போலக் கத்த ஆரம்பித்ததும், "உன் இஷ்டம்னு அப்பவே சொன்னேனே" என்றார். மதில் மேல் பூனைக்குக்கூட எப்போதாவது கால் வலித்து ஒரு பக்கம் குதித்துவிடும். சாருக்கு அந்த வலியே வந்ததில்லை.

இந்த நிலையில்தான் மாவட்டப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு எங்கள் அணி தேர்வானது. தலைப்பு சுற்றறிக்கையில் வந்தது: "கருவைத் தொடர்வதா, கலைப்பதா: முன்னிற்க வேண்டியது தனிமனிதச் சுதந்திரமா, தனிமனிதப் பொறுப்பா?"

தலைமை ஆசிரியை அந்தக் காகிதத்தைப் படித்த வேகத்தில் மேஜையில் குப்புறக் கவிழ்த்து வைத்தார். "ஏன் சார், தலைப்பைச் சொல்லாமலே பேச முடியுமா?" என்று கேட்டார்.

"அதுல ரெண்டு பக்கம் இருக்கு மேடம்" என்று ஆரம்பித்தார் சார். மேடம் பயந்துபோய் உடனே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

எந்தத் தரப்பு பேசுவது என்பது அன்றைக்குக் காசு சுண்டித்தான் தெரியும். அதனால் இரண்டுக்கும் தயாராக வேண்டும். சார் ஒரு நீல நோட்டு வாங்கினார். இடது பக்கத்தில் "சுதந்திரம்", வலது பக்கத்தில் "பொறுப்பு" என்று தலைப்புப் போட்டார். அவருக்கு இதைவிடச் சந்தோஷமான வேலை கிடையாது. அணியில் மூன்று பெண்கள். மூன்றாவதாகப் பேசுகிறவள் அவருடைய சொந்த மகள், பதினேழு வயது. எதிரணியின் வாதத்தை உடைப்பது அவள் வேலை. பள்ளிக்கூட கேட்டுக்கு உள்ளே அவரை "சார்" என்பாள். வெளியே கால் வைத்த நிமிஷம் "அப்பா, இந்தப் பையைப் பிடி" என்பாள்.

போட்டிக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சார் நோட்டோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பல்லம்மா மோட்டாரில் மெருகு போட்டுக்கொண்டிருந்தார். மகள் கடைக்குப் போயிருந்தாள்.

"ஒன்பது வாரம்!" என்று மோட்டார் சத்தத்துக்கு மேல் கத்தினார் பல்லம்மா.

"இல்ல இல்ல, பதினோரு நாள்தான் இருக்கு!" என்று பதிலுக்குக் கத்தினார் சார்.

"எதுக்குப் பதினோரு நாள்?"

"போட்டிக்கு!"

பல்லம்மா மோட்டாரை நிறுத்தினார். "நான் மாசமா இருக்கேங்க" என்றார்.

நாற்பத்திரண்டு வயது. இரண்டு மாதமாகத் தள்ளிப்போனதும், நிற்கப்போகிறது போலிருக்கிறது என்று நினைத்து, வாங்கி வைத்திருந்த நாப்கின் பொட்டலங்களையெல்லாம் மகள் அலமாரிக்கு மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறார். தலைசுற்றலுக்கு மாத்திரை கேட்கப் போன இடத்தில் டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துவிட்டு, "ஒன்பது வாரம். யோசிச்சு வாங்க. எதுவானாலும் ரொம்ப நாள் தள்ளிப்போடாதீங்க" என்று சொல்லியிருக்கிறார்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். "இதுல ரெண்..." என்று ஆரம்பித்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்ததும் மீதியை விழுங்கினார். நிமிர்ந்து உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னார்: "உன் உடம்பு. உன் முடிவு. நான் குறுக்கே நிக்க மாட்டேன். உன் இஷ்டம்."

சொல்லி முடித்ததும் தனக்கே கை தட்டலாம் போலிருந்தது என்று பிற்பாடு என்னிடம் ஒப்புக்கொண்டார். நோட்டின் இடது பக்கத்தில் முதல் வாதமே அதுதான்.

"அப்புறம்?" என்றார் பல்லம்மா.

"அப்புறம்னா?"

"அவ்வளவுதானா?"

"வேற என்ன வேணும்? முழுச் சுதந்திரம்."

பல்லம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு மோட்டாரைப் போட்டார். கையிலிருந்த பல்செட்டில் ஒரு முன்பல் தேய்ந்து இல்லாமலே போனது. யாரோ ஒரு பெரியவர் இன்னும் இரண்டு வாரம் கஞ்சி குடிக்க வேண்டியதாயிற்று.

அதிலிருந்து அந்த வீட்டில் நேரத்துக்குச் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. சாருக்குத் தலைகால் புரியவில்லை. சரியான பதிலைச் சொல்லியும் பூஜ்யம் வாங்கிய மாணவன் மாதிரி அலைந்தார். செவ்வாய்க்கிழமை இடைவேளையில் என் மேஜைக்கு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார்.

"டீச்சர், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்..."

"ம்."

"அவரோட மனைவிக்கு அவர் முழுச் சுதந்திரம் கொடுத்துட்டார். ஆனா அவங்க கோபமா இருக்காங்க. ஏன்னு தெரியல."

"அந்த ஒருத்தர் கண்ணாடி போட்டிருப்பாரா?" என்று கேட்டேன்.

எழுந்து போய்விட்டார். புதன்கிழமை தன் அக்காவுக்குப் போன் செய்தார். அதுதான் அவர் வாழ்க்கையில் யோசிக்காமல் செய்த ஒரே காரியம்.

அக்கா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அறுபது தையல் மிஷின் ஓடும் கூடத்தில் மைக் இல்லாமல் பேசிப் பழகியவர். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்றால் மூன்றே கால்தான், நாலாவது காலைக் கொண்டுவந்து காட்டினாலும் அது வேறு முயலுடையது என்பார். வியாழக்கிழமை காலை அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து இறங்கினார். மகள் பள்ளிக்குக் கிளம்பிவிட்டிருந்தாள். சார் மட்டும் முதல் பீரியடுக்கு வரவில்லை, அவர் வகுப்பை நான் பார்த்துக்கொண்டேன்.

செருப்பைக் கழற்றும்போதே அக்கா ஆரம்பித்துவிட்டார். "ஏம்மா, கேள்விப்பட்டேன். வந்தது ஒரு உயிரு. அதை வேண்டாம்னு அனுப்ப நாம யாரு? பெத்துக்கறதுதான் முறை. எனக்கு இதுல வேற பேச்சே இல்ல."

பல்லம்மா கைவேலையை நிறுத்தவில்லை. "சரி அண்ணி. பிறந்தா ஆறு மாசம் வந்து கூட இருப்பீங்களா?"

அறுபது மிஷினை அடக்கிய குரல் அடங்கியது. அக்கா தன் முழங்காலைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். மேஜையில் இளித்துக்கொண்டிருந்த தாடைகளைப் பார்த்தார்.

"முடியாதும்மா" என்றார் கடைசியில். "முட்டி போயிடுச்சு. லீவும் கிடைக்காது. உன்கிட்டப் பொய் சொல்லி என்ன ஆகப்போகுது? ஆனா என்னால முடியலங்கறதுக்காகத் தப்பு சரியாயிடாது. நான் அப்படித்தான் நெனைக்கறேன்."

"பரவாயில்ல அண்ணி. நீங்க நெனைக்கறதை மூஞ்சிக்கு நேரா சொன்னீங்க. உங்க தம்பி அதுகூடச் செய்யல."

அக்கா திரும்பினார். "நீ என்னடா சொன்னே?"

"நான் எதுவும் சொல்லலக்கா. அவ இஷ்டத்துக்கு விட்டுட்டேன்."

"விட்டுட்டியா? பஸ்ஸுல குடையை விட்டுட்டு வந்த மாதிரி சொல்றே?"

இரண்டு பெண்களும் சேர்ந்து அவரைப் பார்த்தார்கள். பத்தொன்பது வருஷத்தில் பல்லம்மாவும் நாத்தனாரும் ஒரே பக்கம் சேர்ந்தது அன்றுதான். கலைப்பது தப்பா சரியா என்பதில் எலியும் பூனையுமாக இருந்தவர்கள், சார் செய்தது தப்பு என்பதில் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. சார் சட்டையை மாட்டிக்கொண்டு இரண்டாவது பீரியடுக்கு ஓடி வந்துவிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மாலை பயிற்சி. நான் ஸ்டாப்வாட்ச் பிடிக்கப் போயிருந்தேன். வகுப்பறையில் மூன்று பெண்களும் சாரும் நானும்தான். ஆரம்பிக்கிற நேரத்தில் தலைமை ஆசிரியை சாரைக் கூப்பிட்டு அனுப்பினார். "நோட்டுல பாயின்ட் எல்லாம் இருக்கு. சத்தமா வாசி, மத்தவங்க குறிச்சுக்கட்டும்" என்று மகளிடம் நீல நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மகள் மேடை மேல் ஏறி நின்று, மேடைக்குரிய குரலில் வாசித்தாள்.

"இடது பக்கம். சுதந்திரம். ஒன்று: தன் உடல் மீது முடிவெடுக்கும் உரிமை ஒருவருக்குப் பிறப்பிலேயே உண்டு. இரண்டு: அரசோ அயலாரோ அதில் தலையிடக் கூடாது. மூன்று: போன தடவை அவளுக்கு ரத்தம் நிற்கவே இல்லை. நாலு பாட்டில் ஏற்றினார்கள். வராந்தாவில் உட்கார்ந்து ஃபேனின் றெக்கைகளை எண்ணினேன். மூன்று. மறுபடி எண்ணினேன். மூன்று."

முதலாவதாகப் பேசும் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "மூணாவது பாயின்ட் சூப்பரா இருக்கு. எந்தப் புத்தகத்துல எடுத்தாராம்?"

மகளுக்கு அப்போதும் பிடிபடவில்லை. பக்கத்தைத் திருப்பினாள். "வலது பக்கம். பொறுப்பு. ஒன்று: செயலுக்கு விளைவு உண்டு, விளைவுக்குப் பொறுப்பாளி உண்டு. இரண்டு: தொட்டில் போட இடம் இல்லை. பல் மேஜையை நகர்த்தச் சொன்னால் அவள் என்னைக் கொன்றுவிடுவாள். மூன்று: இந்தக் குழந்தை பள்ளி முடிக்கும்போது எனக்கு அறுபத்தைந்து வயது. நான்கு: ஆனாலும் பெரியவள் பிறந்த அன்று என் கட்டைவிரலைப் பிடித்த பிடி..."

குரல் மேடையிலிருந்து இறங்கிவிட்டது. மீதியை மனசுக்குள் படித்தாள். நான் எட்டிப் பார்த்தேன். ஐந்தாவதாக, "இதையெல்லாம் அவளிடம் சொன்னால் நெருக்குவது போல் ஆகும். பார்க்க: இடது பக்கம்" என்று இருந்தது. இடது பக்கத்தின் அடியில், "சொல்லாமல் விட்டால் கைகழுவியது போல் ஆகும். பார்க்க: வலது பக்கம்" என்று இருந்தது. அந்த மனுஷன் ஐந்து நாளாக இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் செக்கு மாடாகச் சுற்றியிருக்கிறார்.

மற்ற இருவரையும், "தண்ணி குடிச்சுட்டு வாங்கம்மா" என்று வெளியே அனுப்பினேன். அவர்கள் போகவும் சார் உள்ளே வரவும் சரியாக இருந்தது.

"சார், ஒரு சந்தேகம்" என்றாள் மகள். "போன தடவைன்னா நான்தானே?"

சார் நோட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"இதை அம்மா படிச்சாங்களா?"

"அது... இன்னும் திருத்தல. எழுத்துப்பிழை எல்லாம் இருக்கும்."

"திருத்தவே வேண்டாம்" என்றாள். பள்ளிக்கூட கேட்டுக்கு உள்ளே இருக்கிறோம் என்பதையே மறந்துவிட்டாள். "அப்படியே கொண்டுபோய்க் கொடுப்பா."

வீட்டுக்கு நடந்து போகும்போது சார் தயங்கித் தயங்கி, "உனக்கு இதுல என்ன தோணுது?" என்று கேட்டிருக்கிறார். "என்கிட்டக் கேட்காதப்பா. கேட்டா நானும் ரெண்டு பக்கம் பேசிடுவேன். உன் ரத்தம்தானே" என்றாளாம். தெருமுனை வந்ததும் தோழி வீட்டில் வேலை இருக்கிறது என்று அவரைத் தனியாக விட்டுவிட்டு நழுவிவிட்டாள்.

பல்லம்மா மாவு கலக்கிக்கொண்டிருந்தார். அந்த மாவு சில நிமிஷத்தில் இறுகிவிடும், நடுவில் விட முடியாது. சார் நோட்டை நீட்டினார்.

"என்ன இது?"

"படி."

"கையெல்லாம் மாவு. நீங்களே வாசிங்க."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. நூறு மேடை ஏறினவர், ஆறு அடி தள்ளி நிற்கிற சொந்தப் பெண்டாட்டிக்கு ஒரு நோட்டை வாசித்துக் காட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். வாசித்தார். ரத்தம் நிற்காததை வாசிக்கும்போது பல்லம்மாவின் கரண்டி நின்றது. மேஜையை நகர்த்தினால் கொன்றுவிடுவாள் என்ற இடத்தில் மட்டும், "ஆமா, கொன்னுடுவேன்" என்றார். கிண்ணத்தில் மாவு கல்லாக இறுகிவிட்டது. பல்லம்மா அதைக் கவனிக்கவே இல்லை என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

வாசித்து முடித்ததும் சார் சொன்னார்: "நான் ஏதாவது சொன்னா, உன்னை நெருக்கற மாதிரி ஆயிடுமோன்னு..."

"நெருக்கறது வேற, சொல்றது வேற" என்றார் பல்லம்மா. "முடிவு என்னோடதுதாங்க. அதை நீங்க கொடுத்து நான் வாங்கிக்கணும்னு இல்ல. ஆனா மனசுல இவ்வளவையும் பூட்டி வெச்சுக்கிட்டு 'உன் இஷ்டம்'னு ஒரு வார்த்தையில எழுந்து போனா என்ன அர்த்தம்? நாளைக்கு எது நடந்தாலும், நான் அப்பவே சொன்னேனேன்னு நிப்பீங்க."

"நிக்க மாட்டேன்."

"ஃபேன் விஷயத்துல நின்னீங்க."

தலைக்கு மேல் அது நாய்க்குட்டி மாதிரி கத்திக்கொண்டுதான் இருந்தது.

"இருபத்தஞ்சு வருஷமா இந்த வேலை பார்க்கறேன்" என்றார் பல்லம்மா. "வாயைத் திறக்காத ஆளுக்கு யாராவது அச்சு எடுக்க முடியுமா? இப்பக் கேக்கறேன், சொல்லுங்க. எனக்காக இல்ல, உங்களுக்காக. வேணுமா, வேண்டாமா?"

சாரின் கை தன்னால் கண்ணாடிக்குப் போனது. பல்லம்மா மாவுக் கையாலேயே அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"வேண்டாம்" என்றார் சார்.

சொல்லிவிட்டு, தப்பு செய்துவிட்ட மாதிரி சுற்றும்முற்றும் பார்த்தார். எதுவும் இடிந்து விழவில்லை. "பயமா இருக்கு. குழந்தை வந்து நீ இல்லாமப் போயிட்டா நான் என்ன செய்வேன்? அதுதான் முதல்ல தோணுது. அது சுயநலம்தான். ஆனா நீ வேணும்னு சொன்னா, நான் ஒரு வருஷம் லீவு போட்டுக் குழந்தையைப் பார்த்துக்கறேன். இதைச் சும்மா சொல்லல." சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். விடுப்பு விண்ணப்பம். கையெழுத்தெல்லாம் போட்டிருந்தது. தேதி மட்டும் போடவில்லை.

பல்லம்மா அதைப் பார்த்துச் சிரித்தார். ஐந்து நாளைக்குப் பிறகு முதல் சிரிப்பு. "எனக்குத் திங்கள்கிழமை வரைக்கும் டைம் கொடுங்க" என்றார்.

சனிக்கிழமை பல்லம்மா தனியாக டாக்டரம்மாவைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார். ஞாயிறு பூராவும் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். திங்கள்கிழமை மெழுகைச் சீவிக்கொண்டே சொன்னார்: "வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கேன். நீங்க வேண்டாம்னு சொன்னதுக்காக இல்ல. வேணும்னு சொல்லியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன், இன்னும் ரெண்டு நாள் கூட ஆகியிருக்கும். என் உடம்பு எனக்குத் தெரியும். வருத்தமாவும் இருக்கு. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு, பிரிச்சுச் சொல்லத் தெரியல. அண்ணிகிட்ட நானே சொல்லிக்கறேன்."

"ஆஸ்பத்திரிக்கு எப்போ?"

"வியாழக்கிழமை காலையில."

போட்டியும் வியாழக்கிழமை காலைதான்.

செவ்வாய்க்கிழமை சார் என் மேஜைக்கு வந்தார். "டீச்சர், வியாழக்கிழமை டீமை நீங்க கூட்டிட்டுப் போங்க. நான் மனைவியோட ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றார். கண்ணாடியைத் தொடவில்லை. இரண்டு வாக்கியம். பதினோரு வருஷப் பழக்கத்தில் அவர் ஒரு விஷயத்தை இவ்வளவு சீக்கிரம் சொல்லி முடித்து நான் கேட்டதில்லை. "சரி சார்" என்றேன்.

மகளும் ஆஸ்பத்திரிக்கு வருவதாக அடம் பிடித்திருக்கிறாள். "நீ போட்டிக்குப் போ. ரெண்டு பேரும் எதிரெதிரா உட்கார்ந்து என் மூஞ்சியையே பார்த்தா எனக்கு ரத்தக் கொதிப்பு வந்துடும்" என்று பல்லம்மா விரட்டிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு படிவத்தைக் கொண்டுவந்தார். சார் தயாராகப் பேனா மூடியைக் கழற்றி வைத்திருந்தார். நர்ஸ் அவரைத் தாண்டிக் காகிதத்தைப் பல்லம்மாவிடம் கொடுத்தார்.

"நான் எங்க போடணும்?" என்றார் சார்.

"உங்க கையெழுத்து தேவையில்ல சார்."

"சம்மதம்னு...?"

"அது அவங்களோடது." நர்ஸ் சாரின் முகம் போன போக்கைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். "கீழ ஒரு வரி இருக்கு பாருங்க, வீட்டுக்கு அழைச்சிட்டுப் போறவர்னு. அதுல போடுங்க."

சார் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. முன்பக்கமே கையெழுத்துப் போட்டார். ஒரு வரிக்குள் அடங்காமல் அது மேஜை வரைக்கும் போனது. போன பிரசவத்தில் அப்படி ஆனதால் டாக்டரம்மா மாலைவரை அங்கேயே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். சார் ஒரு வாய் டீகூடக் குடிக்கவில்லை. பல்லம்மாதான் வெளியே வந்ததும், "ஏங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

அதே நேரம் போட்டியில் காசு சுண்டியதில் எங்கள் அணிக்குப் "பொறுப்பு" விழுந்தது. முதல் இரண்டு பெண்களும் நன்றாகவே பேசினார்கள். மகள் எழுந்தாள். எதிரணியை உடைக்க வேண்டியவள், கையிலிருந்த குறிப்பை மடித்துவிட்டாள். "பொறுப்பு பொறுப்புன்னு எல்லாரும் பேசறோம். ஏதோ ஒருத்தர் தலையில தூக்கி வெச்சுட்டு, நாம வரப்புல நின்னு வேடிக்கை பார்க்கற மூட்டை மாதிரி பேசறோம். முடிவு எடுக்கறவங்க எடுக்கட்டும். அந்த நேரத்துல பக்கத்துல யார் நிக்கறாங்க, நின்னு என்ன சொல்றாங்கன்னுதான் நான் கேட்பேன். சுதந்திரம்னு சொல்லிட்டு ஓடிப்போறதும் தப்பு, பொறுப்புன்னு சொல்லிட்டுக் கழுத்தைப் பிடிக்கறதும் தப்பு" என்றாள். மணி அடித்தது. நடுவர், "மூன்றாவது பேச்சாளர் உருக்கமாகப் பேசினார். எந்த அணிக்காகப் பேசினார் என்பதுதான் தெரியவில்லை" என்று சொல்லி எங்களுக்கு இரண்டாம் பரிசு கொடுத்தார். பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தார். பல்லம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போயிருந்ததால் இதை நேரிலேயே கேட்டேன்.

"நான் இன்னும் ஒத்துக்கல" என்றார் அக்கா, வாசலில் நின்றபடியே.

"சரி அண்ணி."

"எப்பவும் ஒத்துக்க மாட்டேன்."

"சரி அண்ணி."

"அழுக்குத் துணி எங்க இருக்கு?"

முட்டி போனவர், தண்ணீர்க் குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து மூன்று பக்கெட் துணி துவைத்துக் கொடியில் போட்டுவிட்டுத்தான் போனார். போகும்போதும் தப்பு தப்புதான் என்று ஒருமுறை சொல்லிவிட்டுப் போனார். பல்லம்மா கொடியில் காயும் துணியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் அழுதார். நான் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன்.

பல்லம்மா படுத்திருந்த நாட்களில், அதற்கு முன்பே செய்து முடித்திருந்த பல்செட்களை டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதைச் சார் ஏற்றுக்கொண்டார். "என் பொறுப்பு" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுச் சனிக்கிழமை இரண்டு டப்பாக்களை எடுத்துப் போனார். போகும் வழியில் சரியாகத்தான் இருக்கிறதா என்று இரண்டையும் திறந்து பார்த்திருக்கிறார். மூடும்போது பெயர் எழுதிய மூடி மாறிவிட்டது.

திங்கள்கிழமை பல் டாக்டர் போன் செய்தார். ஒரு பெரியவர் வாயில் வைத்த செட் நழுவி மடியில் விழுந்துவிட்டதாம். ஒரு சின்ன உருவப் பாட்டியம்மாவுடையது அது. இவருடையதை வைத்த அந்தம்மாவுக்கோ வாயை மூடவே முடியவில்லையாம். பல்லம்மா போனைக் காதில் வைத்தபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்க டாக்டர், இழுத்துப் பிடிக்குது" என்று கெஞ்சினார்.

சார் பள்ளி விட்டதும் நேராக அங்கே போனார். பாட்டியம்மா வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். பெரியவர் மட்டும் பல் இல்லாத வாயோடு பெஞ்சில் காத்திருந்தார். ஏற்கெனவே ஒரு முன்பல் தேய்ந்ததால் இரண்டு வாரம் தள்ளிப்போன அதே பெரியவர். சாரைக் கண்டதும் எழுந்து நின்று, கையை நீட்டி நீட்டித் திட்ட ஆரம்பித்தார். சார் அசையாமல் முழுவதையும் கேட்டார். "தப்பு என்னோடதுதாங்கய்யா. வேற யாரோடதும் இல்ல" என்றார். சரியான செட்டைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் பல்லம்மா கேட்டார்: "ரொம்பத் திட்டினாரா? என்ன சொன்னார்?"

"பல்லு இல்லாததால ஒரு வார்த்தைகூடப் புரியல" என்றார் சார். "ஆனா எல்லாம் நியாயமாத்தான் இருந்துச்சு."